பெண்கள் கூடைப்பந்து லீக் ஏன் கவிழ்ந்தது? லீக் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்துப் பேச்சு வந்தால், பலரும் 1997இல் தொடங்கிய டபிள்யூ.என்.பி.ஏ.விலிருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். அதற்குக் கிட்டத்தட்ட இருபது வருடம் முன்பே அங்கே டபிள்யூ.பி.எல். (விமன்ஸ் புரொஃபெஷனல் பாஸ்கெட்பால் லீக்) என்று ஒரு லீக் இருந்தது. (இங்கே நடக்கும் மகளிர் கிரிக்கெட் லீக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1978 டிசம்பரில் தொடங்கி, மூன்றே சீசனில், 1981இல் மூடிவிட்டார்கள்.

"பெண்கள் ஆடினால் யார் பார்ப்பார்கள், அதான் மூடிட்டாங்க" என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மில்வாக்கியில் சிகாகோ ஹசில் அணியும் மில்வாக்கி டோஸ் அணியும் மோதிய முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 7,824 பேர். எல்லா ஊரிலும் எல்லா நாளும் அப்படிக் கூட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன்; பாதி காலியான அரங்குகளும் நிறைய இருந்தன. ஆனால் கூட்டம் கூடுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை லீக் தாக்குப்பிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது.

அணி விற்ற பணம் வருமானம் அல்ல

லீக்கைத் தொடங்கியவர் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த பில் பைர்ன். நேரமும் அவருக்கு நன்றாகவே அமைந்தது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டு வேகமாக வளர்ந்தது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாகச் சேர்க்கப்பட்டு, அமெரிக்கா வெள்ளி வென்றது. ஆட ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

ஓர் அணியை நடத்தும் உரிமைக்கு 50,000 டாலர் என்று வைத்து எட்டு அணிகளோடு ஆரம்பித்தார்கள். இரண்டாவது சீசனில் அது 14 ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வளர்ச்சி. ஆனால் உரிமத்தை வாங்குவது ஒரு தடவைச் செலவு. அரங்க வாடகை, விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர், வீராங்கனைகளின் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும். அந்தச் செலவை மூன்று நான்கு வருடம் கையிலிருந்து போட முடியுமா என்று பார்க்காமல் உரிமத்தை விற்றால் என்ன ஆகும்? புது ஆள் கட்டும் தவணையை வைத்துப் பழைய ஆளுக்குப் பட்டுவாடா செய்யும் சீட்டுக் கம்பெனி மாதிரிதான் ஆகும்.

அப்படித்தான் ஆனது. இரண்டாவது சீசனில் புதிதாக வந்த வாஷிங்டன் மெட்ரோஸ், பிலடெல்பியா பாக்ஸ் இரண்டும் சீசன் நடுவிலேயே கடையைக் கட்டின. அட்டவணை போட்டு, டிக்கெட் விற்ற பிறகு எதிரணியே இல்லை என்றால் மற்ற அணிகளுக்கும் அடிதான். இதைவிட என்னை உறுத்துவது வேறு. 1979 சாம்பியன் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ். 1980 சாம்பியன் நியூயார்க் ஸ்டார்ஸ். மூன்றாவது சீசன் தொடங்கும்போது இரண்டுமே களத்தில் இல்லை. இரண்டு முறையும் இறுதிப்போட்டி வரை வந்து தோற்ற அயோவா கார்னெட்ஸும் இல்லை. கோப்பை வென்ற அணியே அடுத்த வருடம் ஆட வரமுடியாத லீக்கில், எந்த ரசிகர் எந்த அணியைத் தன் அணி என்று நினைப்பார்?

சம்பளத்தைக் கடைசி வரியில் எழுதாதீர்கள்

அயோவா கார்னெட்ஸின் மாலி போலின்தான் இந்த லீக் முதன்முதலில் ஒப்பந்தம் செய்த வீராங்கனை. அவருக்கு வருடத்துக்கு 6,000 டாலர். 1980 மார்ச்சில் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளி எடுத்தார். 'மெஷின் கன் மாலி' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அந்த அணி 'கார்ன் டாக்' என்று பெயர் வைத்த ஒரு பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடியது. சம்பளம் குறைவு என்பதையாவது பொறுத்துக்கொண்டார்கள். பேசின சம்பளமும் கைக்கு வராமல் போனதுதான் பல அணிகளில் பெரிய பிரச்சினை.

1981 மார்ச். மினசோட்டா பில்லீஸ் அணி சிகாகோவில் ஆடப் போயிருக்கிறது. பல வாரமாகச் சம்பளம் வரவில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம், ரசிகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பில்லீஸ் வீராங்கனைகள் அப்படியே களத்தைவிட்டு வெளியேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லீக்குக்கு ஸ்பான்சர் பிடிக்கப் போகிறவர் என்ன சொல்லி ஆரம்பிப்பார்?

பணம் இல்லாத அணி முதலில் வெட்டுவது சம்பளத்தைத்தான். வாடகை கொடுக்காவிட்டால் அரங்கம் கதவைத் திறக்காது. ஆனால் வீராங்கனைகள் ஆட்டத்தின் மேல் உள்ள ஆசையில் இன்னும் ஒரு வாரம் பொறுப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு சீசன் சம்பளத்தை முன்பணமாக லீக்கிடம் கட்டி வைக்காதவருக்கு அணியே கிடையாது என்று விதி போட்டிருந்தால் அணிகள் குறைந்திருக்கும். குறைந்தால் என்ன?

ஆட்டத்தை விட்டுவிட்டு அழகை விற்பது

கலிபோர்னியா ட்ரீம்ஸ் அணி தன் வீராங்கனைகளை ஒப்பனை, நடை, பேச்சு சொல்லித்தரும் மாடலிங் பள்ளிக்கு அனுப்பியது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒலிம்பிக்கை நம்பியதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில்முறையில் ஆடினால் ஒலிம்பிக்கில் ஆட முடியாது என்பது அன்றைய விதி. அதனால் கேரல் பிளேஸ்ஜோவ்ஸ்கி போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் லீக்கில் சேராமல் 1980 மாஸ்கோவுக்காகக் காத்திருந்தார்கள். அங்கே பதக்கம் வாங்கி வந்தால் அந்தப் புகழ் லீக்குக்கும் உதவும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, எல்லாம் போச்சு. புறக்கணிப்பை யாரும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாதுதான். ஆனால் தன் கையில் இல்லாத ஒரு நிகழ்ச்சியை வைத்து லீக்கின் எதிர்காலத்தைத் திட்டமிட்டது தவறு.

பழைய தவறைத் திருத்தினால் மட்டும் போதாது

சரி, இதையெல்லாம் பார்த்துத் திருத்திக்கொண்டால் பிழைக்கலாமா? 1996 அக்டோபரில் தொடங்கிய ஏ.பி.எல். (அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக்) என்ற இன்னொரு பெண்கள் லீக் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. அணிகளைத் தனித்தனியாக விற்காமல் லீக்கே நடத்தியது. குறைந்தபட்சச் சம்பளம் 40,000 டாலர், பெரிய நட்சத்திரங்களுக்கு 1,50,000 வரை. அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களில் தெரசா எட்வர்ட்ஸ், டான் ஸ்டேலி, ஜெனிபர் அஸி உட்படப் பலர் இங்கேதான் வந்தார்கள்.

அடுத்த கோடையில், ஆண்கள் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பெண்களுக்கான தன் சொந்த லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வை இறக்கியது. அங்கே சம்பளம் குறைவு. ஆனால் என்.பி.சி., ஈ.எஸ்.பி.என்., லைஃப்டைம் என்று மூன்று சேனல்களில் ஒளிபரப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. கோடையில் சும்மா கிடந்த என்.பி.ஏ. அரங்குகளும் இருந்தன. ஏ.பி.எல். ஆடியதோ குளிர்காலத்தில். என்.பி.ஏ., கல்லூரிக் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து எல்லாம் டிவியை நிறைத்திருக்கும் காலம் அது. ஏ.பி.எல்.லின் முதல் சீசனில் மிகச் சிறந்த வீராங்கனை விருது வாங்கிய நிக்கி மெக்ரேயே சீசன் முடிந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

நல்ல சம்பளம் கொடுத்தது ஏ.பி.எல்.லின் தவறு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தேசிய அளவில் உறுதியான ஒளிபரப்பு கைக்கு வரும் முன்பே அந்தச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதும், அதற்கு மேல் புதுப்புது ஊர்களில் அணிகளைச் சேர்த்துக்கொண்டே போனதும்தான் தவறு. மூன்றாவது சீசன் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, 1998 டிசம்பர் 22 அன்று, ஏ.பி.எல். ஆட்டங்களை நிறுத்திவிட்டுத் திவால் மனு போட்டது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது வீராங்கனைகள் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. பலர் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குப் போனார்கள், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு.