அதே முகங்கள் திரும்ப வரும்: சின்ன ஊரில் போட்டோ தொழில்

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான். கையில் இருக்கிறதே போதும். முதலில் வாங்க வேண்டியது ஒரு தடிமனான நோட்டு. யாரை எடுத்தோம், எந்தத் தேதி, எதற்காக, ஃபைல் எண் என்ன என்று அன்றன்றைக்கு அதில் எழுதுங்கள். பெரிய நகரத்தில் ஒருவர் ஒருமுறை வந்து போனால் அதோடு சரி. சின்ன ஊரில் அப்படி இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவரே கல்யாணத்துக்குக் கூப்பிடுவார், அப்புறம் கைக்குழந்தையோடு வருவார். பிறகு ஒரு நாள், "அப்பாவை எப்பவோ எடுத்தீங்களே, அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டு நிற்பார். அப்போது தேடித் தவிக்கக் கூடாது. படம் சுமாராக இருந்தால்கூட அவர் மன்னித்துவிடுவார். இல்லை என்று சொன்னால் அந்த முகத்தை உங்களால் மறக்க முடியாது.

அடையாள அட்டைப் படத்தைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். வாடகை கட்டுவது அதுதான். அதைவிட முக்கியம், ஊரில் உள்ள ஒவ்வொரு முகமும் உங்கள் முன்னால் தானாக வந்து உட்காரும் வேலை அது ஒன்றுதான். பல நாடுகளில் கேட்கும் 35 x 45 மி.மீ. படம், வெறும் பின்னணி, நிழல் விழாத வெளிச்சம், நேர்ப்பார்வை என்று கேட்டதைக் கேட்டபடி முடித்துக்கொடுங்கள். முடிந்ததும், "ஒரு நிமிஷம் இருங்க, இன்னொன்று எனக்காக எடுத்துக்கிறேன்" என்று சொல்லி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். வந்த வேலை முடிந்துவிட்டதால் தோள் இறங்கியிருக்கும், முகமும் அவருடைய முகமாக இருக்கும். என் நல்ல படங்களில் பெரும்பாலானவை அந்த நாற்காலியில் வந்தவைதான்.

ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேர் வெயில் விழாத ஜன்னலாக இருக்கட்டும். அதற்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வையுங்கள். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் முகத்தின் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி இருட்டாகவும் வரும். இரண்டடி உள்ளே தள்ளினால் இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் குறையும். இன்னும் குறைய வேண்டுமானால் இருட்டான பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். உழைத்துக் காய்ந்த முகத்துக்கு நான் அட்டை வைப்பதில்லை. அந்த நிழலில்தான் கோடுகள் தெரியும்.

நீங்கள் ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய்விடும். பலர் லென்ஸைக் குறை சொல்வார்கள், காரணம் தூரம்தான். அந்த தூரத்துக்கு, படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் சரியாக வரும், சிறிய சென்சாரில் 50 மி.மீ. போதும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை எஃப் 4 அல்லது 5.6இல் வையுங்கள். துவாரத்தை அதைவிடப் பெரிதாகத் திறந்து, ஒரு கண் மட்டும் தெளிவாக இருந்து மற்றதெல்லாம் கலங்கிப்போகும் படம் எனக்குப் பிடிக்காது. சட்டைக் காலர், காதுக் கம்மல், நரை எல்லாமே அந்த ஆளைச் சேர்ந்தவை. ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கிறவரும் லேசாக அசைந்துகொண்டுதான் இருப்பார்.

கண்ணாடி போட்டவருக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கழற்றச் சொல்லாதீர்கள். காதின் மேல் இருக்கும் கம்பியை ஒரு நூல் உயர்த்தினால் கண்ணாடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும், பளபளப்பு போய்விடும். கண் சிமிட்டிக்கொண்டே இருப்பவரிடம், "கண்ணை மூடுங்க, நான் சொன்னதும் திறங்க" என்று சொல்லுங்கள். திறந்த நொடியில் எடுத்துவிட வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டூடியோ தொடங்கிய போட்டோகிராபர் செய்தூ கெய்தா, ஃபிலிம் விலை காரணமாக ஒரு ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் எடுத்தார். கையை எங்கே வைப்பது, தலையை எவ்வளவு திருப்புவது, துணி மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதையெல்லாம் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்துவிடுவார். ஆரம்ப காலத்தில் பின்னணித் திரைகூட அவர் வீட்டுப் படுக்கை விரிப்புதான். மெமரி கார்டில் இடம் இருக்கிறதே என்று நாற்பது படம் தட்டுகிறவர்கள், ஒரு வாரம் ஆளுக்கு மூன்று படம் என்று கட்டுப்படுத்திப் பாருங்கள். பார்க்கும் விதமே மாறும்.

ஸ்டூடியோவுக்கு வெளியே எடுக்கும் ஆவணப் படங்களுக்கு வருவோம். ஊரில் நின்றுபோகப்போகிற வேலைகளிலிருந்து தொடங்குங்கள். தையல்காரரை எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தெருவிலிருந்து கடை முழுவதும் தெரிய ஒன்று. அப்புறம் அவர் மேஜை: தேய்ந்த இஞ்ச் டேப், சாக்கட்டி, அளவு எழுதிய சீட்டுகள். அப்புறம் கை. கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலுக்குக் கிட்டே போய் எடுங்கள். கடைசியாக, வேலையை நிறுத்தி நேராக உங்களைப் பார்க்கச் சொல்லி ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்து ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதும் ஆவணம்தான்.

தெரிந்தவர்தானே என்று கேட்காமல் எடுக்காதீர்கள். கடை வாசலில் மாட்டுவதற்கும் இணையத்தில் போடுவதற்கும் தனியாக அனுமதி வாங்குங்கள், குழந்தை என்றால் பெற்றோரிடம். வேண்டாம் என்றவரை வற்புறுத்த வேண்டாம். நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். எடுத்த படத்தை ஒரு வாரத்துக்குள் காகிதத்தில் பிரிண்ட் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்பினால் அது அன்றைக்கே மற்ற படங்களுக்குள் காணாமல் போய்விடும்.

காசு விஷயத்தில் என் வழி ஒன்றே: நானாகக் கேட்டு எடுத்த படத்துக்குக் காசு வாங்குவதில்லை. அவர்களாகக் கேட்டு எடுத்ததற்கு முழுக் காசு. தெரிந்தவர் என்று பாதி விலைக்குச் செய்தால், மறுநாள் ஊர் முழுக்கப் பாதி விலைக்கு வந்து நிற்கும்.

எடுத்ததைக் காப்பாற்றுவதும் தொழில்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் வாழ்ந்த போட்டோகிராபர் ஆகஸ்ட் சாண்டர், விவசாயிகள், கொத்தனார்கள் என்று தன் நாட்டு மக்களை எல்லாத் தரப்பிலும் படம் எடுத்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முக்கியமான நெகட்டிவ்களை ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். நகரத்து நிலவறையிலேயே இருந்தவை, பல்லாயிரக்கணக்கானவை, 1946இல் தீயில் போயின. அதனால் மூன்று பிரதி வையுங்கள்: இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது வேறு கட்டிடத்தில். ஃபைல் பெயரை ஆண்டு, மாதம், தேதி, ஆள் பெயர் என்ற வரிசையில் வைத்தால் தேடுவது சுலபம்.

வேலை குறைவான மாதத்தில், பெயர் தெரியாத பழைய படங்களை எடுத்துக்கொண்டு ஊரில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கம் எழுதுங்கள். பழைய காகிதப் படமென்றால் மென்மையான பென்சில். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள இந்தக் காலத்து பிரிண்டில் பென்சில் ஒட்டாது, அதற்கென்று அழியாத மை பேனா கிடைக்கிறது. மை காய்ந்த பிறகுதான் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும்.