பிரேக் அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்: ஏபிஎஸ் பழகும் முறை

ஒரு ஐப்பசி மாலை, புதுச்சேரியில் வேலை முடித்துக் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் தாண்டியதும் நல்ல மழை. முன்னால் போன பேருந்து திடீரென்று ஓரம் கட்டி ஆள் ஏற்ற நின்றது. ஓங்கி பிரேக் மிதித்தேன். பாதத்துக்கு அடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். மறுபடி மிதிப்பதற்குள் கார் பேருந்தின் பின்பக்கத்தில் போய் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. பானெட் மடங்கி, ரேடியேட்டர் ஒழுகியது.

மறுநாள் மெக்கானிக் தம்பி வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, பிரேக்ல ஒரு குறையும் இல்ல. ஏபிஎஸ் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நீங்கதான் நடுவுல காலை எடுத்துட்டீங்க." ஏபிஎஸ் என்பது ஓங்கி பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு.

வண்டி வாங்கிய அன்று பாட்டுப் பெட்டியில் போனை எப்படி இணைப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். பிரேக் அதிரும், பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டுநர் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அப்படியென்றால் நம் ஊரில் ஆயிரக்கணக்கானோர் அதை வண்டியில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட அதன் அதிர்வை உணராமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கார் ஓட்டத் தெரியும், உரிமம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: விளக்குகளைப் பாருங்கள்

சாவியைத் திருப்புங்கள், இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அது வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்வது. அணையாமல் நின்றால், அல்லது எரியவே இல்லை என்றால், பயிற்சியை ஒத்திப்போட்டு முதலில் மெக்கானிக்கிடம் போங்கள். மஞ்சள் விளக்கு மட்டும் நின்றால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், ஏபிஎஸ் உதவிக்கு வராது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

அதே நேரத்தில் வழுக்கிய தடம் போட்ட சின்னக் கார் படம் ஒன்றும் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் வண்டியில் இஎஸ்சி, அதாவது வண்டி வழுக்கிச் சுழலாமல் பிடிக்கும் மின்னணு அமைப்பு, பெரும்பாலும் இருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டிலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: டயர்

ஏபிஎஸ், இஎஸ்சி என்று எது இருந்தாலும், கடைசியில் சாலையைப் பிடிப்பது நான்கு டயர்கள்தான். டயர் தேய்ந்திருந்தால் கணினி என்ன கணக்குப் போட்டும் பயனில்லை. டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பள்ளம் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றிவிடுங்கள். மழை மாவட்டத்தில் இருக்கிற நாம் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது.

காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். பங்க் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமலே "எல்லாருக்கும் 35" என்று அடித்துவிடுகிற இடங்கள் உண்டு. சொந்தமாக ஒரு அளவி வாங்கி வையுங்கள். எனக்கு டிஜிட்டலைவிட முள் ஓடுகிற வட்ட அளவிதான் பிடிக்கும். பேட்டரி தீர்ந்து போகும் கவலை இல்லை.

படி 3: இருக்கையும் காலடியும்

பிரேக்கை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் சீட்டை முன்னால் தள்ளுங்கள். தோள்பட்டை சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். நான் பல வருடம் சீட்டை மிகவும் பின்னால் வைத்து ஓட்டினேன். ஓங்கி மிதிக்கும்போது பலமே கிடைக்கவில்லை என்பது பயிற்சியில்தான் தெரிந்தது.

காலடியில் தண்ணீர் பாட்டில் கிடக்கவே கூடாது, உருண்டு பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். காலடி விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பு போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். வழுக்குகிற செருப்பு வேண்டாம்.

படி 4: அதிர்வைப் பழகுவது

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். பூட்டிய சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் ஏபிஎஸ் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டு, மறுபடி ஏற்றும். இது ஒரு நொடிக்குள் பலமுறை நடக்கும். பிரேக் எண்ணெய் போய்த் திரும்புகிற அந்த வேகம்தான் பெடலில் கடகடப்பாக வருகிறது. சத்தமும் வரும். பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இது பழுது இல்லை. உங்களுக்காக அது வேலை செய்கிற சத்தம்.

இடம்: பொதுச் சாலை வேண்டவே வேண்டாம். கடலூர், புதுச்சேரி சுற்றி வீடு கட்டாத மனைப்பிரிவுகள் நிறைய, தார்ச்சாலை மட்டும் போட்டு வெறிச்சென்று கிடக்கின்றன. உரியவரிடம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போங்கள். ஆடு மாடு மேயவில்லை, நடப்பவர் யாரும் இல்லை என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பின் சீட்டில் யாரும் வேண்டாம். பெல்ட் போடுங்கள். வெளியே ஒருவர் ஓரமாக, நன்றாகத் தள்ளி நிற்கட்டும், உங்கள் முன்னால் அல்ல.

முதலில் 20 கி.மீ. வேகத்தில் சாதாரணமாக நிறுத்துங்கள். அப்புறம் 30. ஒரு குறி வைத்துக்கொண்டு, அங்கே வந்ததும் பிரேக்கை ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு அடிவரை மிதியுங்கள். கியர் வண்டியென்றால் கிளட்சையும் சேர்த்து. அதிரும். காலை எடுக்காதீர்கள். தளர்த்தாதீர்கள். விட்டு விட்டு அமுக்கவும் வேண்டாம். அதை உங்களைவிட வேகமாக ஏபிஎஸ் செய்துகொண்டிருக்கிறது. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் கால் மேலே வர வேண்டும்.

என் முதல் ஐந்து முயற்சியில் அதிர்வே வரவில்லை. ஓரமாக நின்ற வீட்டுக்காரர் சொன்னார், "நீ முழுசா மிதிக்கிறதா நினைச்சுக்கிற, பாதிதான் மிதிக்கிற." உண்மைதான். இது எனக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ஆபத்தில் மனிதர்கள் வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் போதுமான பலத்தில் மிதிப்பதில்லை என்று கண்டுதான் 1996இல் பென்ஸ் நிறுவனம் பிரேக் அசிஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கால் பாய்கிற வேகத்தைப் பார்த்து மிச்ச அழுத்தத்தை அதுவே ஏற்றும். உங்கள் வண்டியில் அது இருந்தாலும், இல்லாவிட்டாலும், உங்கள் கால் முழுதாக மிதிக்கக் கற்க வேண்டும். எனக்கு ஆறாவது முறை வந்தது. பத்தாவது முறை பயம் போயிற்று.

படி 5: மிதித்துக்கொண்டே திருப்புவது

நிறையப் பேர் ஏபிஎஸ் என்றால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கிறார்கள். மணலிலும் சரளையிலும் அது சற்றுத் தள்ளிப்போய்த்தான் நிற்கும். தை, மாசியில் நம் மாவட்டச் சாலைகளில் நெல்லும் உளுந்தும் கதிரோடு பரப்பி வைக்கிறார்களே, அதன் மேல் ஏறிவிட்டு ஏபிஎஸ்ஸை நம்பாதீர்கள். முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். ஏபிஎஸ்ஸின் பெரிய பயன் வேறு. முழு பிரேக்கில் இருக்கும்போதும் ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும்.

ஒரு காலி அட்டைப்பெட்டியை நடுவில் வையுங்கள். கல், செங்கல் வேண்டாம். 40 கி.மீ. வேகத்தில் வந்து, பெட்டிக்குப் பத்து மீட்டர் முன்னால் முழு பிரேக் மிதித்து, காலை எடுக்காமலே ஒரு பக்கம் திருப்பி விலகுங்கள். அப்புறம் நேராக்குங்கள். கண் பெட்டியைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடைவெளியைப் பார்க்க வேண்டும். பெட்டியையே பார்த்தால் கை தானாக அங்கேதான் போகும். நான் மூன்று பெட்டி நசுக்கிய பிறகுதான் இது பிடிபட்டது.

படி 6: இஎஸ்சியை நிறுத்திவைக்காதீர்கள்

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும். நாய் குறுக்கே வந்து சட்டென்று வெட்டித் திருப்பினால், கார் நீங்கள் திருப்பிய திசைக்கு வராமல் சுழலப் பார்க்கும். ஸ்டியரிங் சொல்வதும் வண்டி போவதும் பொருந்தவில்லை என்று கண்டதும் இஎஸ்சி தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, இன்ஜின் வேகத்தையும் குறைத்து நேராக்குகிறது. 1997இல் ஸ்வீடனில் இப்படி வெட்டித் திருப்பும் சோதனையில் பென்ஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் ஏ கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதைப் பொருத்தியது. சில கார்களில் இதை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும். சேற்றில் சிக்கியபோது தவிர அதைத் தொடாதீர்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இஎஸ்சி இருந்தாக வேண்டும். பணம் இடிக்கிறதா, சன்ரூஃபை விட்டுவிட்டு இஎஸ்சி உள்ள வண்டியை எடுங்கள்.

படி 7: இடைவெளி

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் சுமார் 17 மீட்டர் போகிறது. 80இல் 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் இவ்வளவு தூரம் கடந்துவிடும். பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். இரண்டு நொடிக்குப் பிறகுதான் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும். மழையில் நான்கு நொடி. அன்றைக்குப் பேருந்துக்கும் எனக்கும் ஒரு நொடிகூட இருந்திருக்காது.

இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை பெய்தால் நான்கு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுகிறார்கள். பல வண்டிகளில் அப்போது இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? முன்விளக்கைப் போடுங்கள், போதும். மினுக்குவது வண்டி நின்றுபோனால் மட்டும்.

பிற்சேர்க்கை 1

பண்ருட்டியிலிருந்து ஒருவர் கேட்டார், நன்றாகக் காய்ந்த தார்ச்சாலையில் ஓங்கி மிதித்தும் அதிரவில்லையாம். காய்ந்த நல்ல சாலையில் டயர் பிடிப்பு அதிகம், அதனால் சீக்கிரம் பூட்டாது. மழை பெய்து ஓய்ந்த காலையில் செய்யுங்கள், அல்லது மேலாக மண்தூசி படிந்த இடத்தில் 30க்குள் செய்யுங்கள். நிற்பதற்குச் சற்று முன் அதிர்வு நின்றுவிடுகிறதே என்றும் கேட்டார். மிகக் குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும். அது இயல்பு.

பிற்சேர்க்கை 2

2014ஆம் ஆண்டுக் கார், ஏபிஎஸ் இல்லை, என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு மேலே சொன்ன நான்காம் படி பொருந்தாது. சக்கரம் பூட்டி வழுக்குவதை உணர்ந்தால் காலைச் சற்றுத் தளர்த்தி, சக்கரம் சுழலத் தொடங்கியதும் மறுபடி அமுக்க வேண்டும். வீட்டில் இரண்டு வண்டி இருந்து ஒன்றில் மட்டும் ஏபிஎஸ் இருந்தால், எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கிளம்பும்போதே மனதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3

ஃபெஞ்சல் புயலில் கிளை விழுந்து முன்கண்ணாடி உடைந்த ஒரு தோழி புதுக் கண்ணாடி மாற்றினார். அதன் பிறகு அவர் காரில், சாலைக் கோட்டுக்குள் வண்டியை வைத்திருக்க உதவும் லேன் அசிஸ்ட் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. ஏடாஸ் (கேமரா, ரேடார் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) உள்ள வண்டிகளில் கேமரா முன்கண்ணாடியின் மேல்பகுதியில், பின்வண்டிகளைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவைத் திரும்ப அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மாற்றிய இடத்தில் அதைச் செய்யவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. பில்லில் அந்த வேலை தனி வரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேமராவை மறைக்கும்படி பொம்மையோ மாலையோ தொங்கவிடாதீர்கள். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டினால் பல வண்டிகளில் ரேடாரும் மறைந்துவிடும். அதோடு, ஏர்பேக் இடியை உணர்வதையும் அது கெடுக்கலாம். மாட்டியிருந்தால் இந்த வாரமே கழற்றிவிடுங்கள்.