மூளையுறை அழற்சிக்குப் பிறகு கடைக்குத் திரும்புவது எப்படி

நியுமோகொக்கஸ் கிருமியால் மூளையுறை அழற்சி வந்து எங்கள் அண்ணை தப்பியது பெரிய விசயம். ஆனால் மறதியும் களைப்பும் மிஞ்சிவிட்டன. யோசிக்கும் வேகம் குறைவதும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாமல் போவதும் இந்த நோய்க்குப் பிறகு பலருக்கு வரும். பஞ்சி என்று ஏசாதீர்கள்.

முதலில் செவிப்புலன் பரிசோதனை, பிந்த வேண்டாம். இந்த நோய் உட்காதையும் தாக்கும். காது கேளாததை மறதி என்று நினைத்துவிடுவோம்.

அப்புறம் கொப்பி. அண்ணைக்குத் திருநெல்வேலியில் பலசரக்குக் கடை. "அரைக் கிலோ சீனி, தேங்காய், பருப்பு" என்று ஆள் அடுக்கினால் மூன்றாவது சாமான் நழுவிவிடும். சட்டைப் பையில் சின்னக் கொப்பி, நூலில் கட்டிய பென்சில். கேட்கக் கேட்க எழுதுவார், எடுத்து வைத்ததை வெட்டுவார். நடுவில் போன் அடித்தால் எடுக்கமாட்டார். மிச்சக் காசுக்குக் கல்குலேட்டர். றேடியோவையும் நிறுத்தினோம், அதில்தான் அவருக்குக் கோபம்.

கணக்கு வேலையைக் காலையில் வையுங்கள், மத்தியானம் படுக்கட்டும். டொக்டர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தாலோ, தலையிடியோடு காய்ச்சல் திரும்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் மறதி குறையாவிட்டால் நரம்பியல் கிளினிக்கில் நினைவாற்றல் பரிசோதனை கேளுங்கள்.