புரோபயாடிக்கும் குடல் ஒட்டுண்ணியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலப் பரிசோதனை மேசைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் உருளைப்புழு முட்டையையும் அடையாளம் காணச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். அது கைவந்ததும் கேட்பவர்களுக்கெல்லாம் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். “புரோபயாடிக் எடுத்துப் பாருங்கள், பூச்சியெல்லாம் தானே போய்விடும்” என்று அண்மையில் ஒரு மாணவர் யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். புரோபயாடிக் என்பது உடலுக்கு நல்லது என்று உயிரோடு விழுங்கும் நுண்ணுயிர்கள். அந்த வயதில் எங்கள் தலைமுறையும் அப்படித்தான் பேசியது. அதனால் திட்ட மனம் வரவில்லை. எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

காலாவதித் தேதி பார்ப்பது, வெயிலில் வைக்காமல் இருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அட்டைப் பெட்டியிலேயே இருக்கின்றன.

எலிக்கு நடந்ததை மனிதருக்கு எழுதிக்கொடுப்பது

இந்தத் துறையில் உண்மையான சரக்கு இருக்கிறது. லாக்டோபேசில்லஸ் ஜான்சோனி என்ற பாக்டீரியாவின் லா1 என்ற திரிபை, அதாவது அதே இனத்தின் ஒரு தனி வகையை, கொடுத்த ஜெர்பில் எலிகளிடம் ஜியார்டியா தொற்று பிடிக்கவில்லை என்று 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காரணத்தையும் பின்னர் ஓரளவு கண்டுபிடித்தார்கள். சில லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களிடம் பித்த உப்புகளை உடைக்கும் நொதி இருக்கிறது. உடைந்து வரும் பித்த அமிலங்கள் ஜியார்டியாவுக்கு நஞ்சாகின்றன. குடல் சுவரில் ஒட்டும் இடத்துக்கான போட்டி, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டுதல் என்று வேறு வழிகளும் சொல்லப்படுகின்றன.

ஆனால் அந்த எலிகளுக்கு ஒட்டுண்ணியைக் கொடுப்பதற்கு முன்பே பாக்டீரியாவைக் கொடுத்திருந்தார்கள். அது தடுப்பு. நம்மிடம் ஆலோசனை கேட்டு வருகிறவரின் குடலில் ஒட்டுண்ணி ஏற்கெனவே குடியேறிவிட்டது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2006-ல் துருக்கியிலிருந்து வந்தது. ஜியார்டியா தொற்றுள்ள 65 பெரியவர்கள்; எல்லோருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரை; 30 பேருக்கு மட்டும் அதனுடன் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற புரோபயாடிக். இரண்டு வாரம் கழித்து அந்த 30 பேரில் ஒருவரிடமும் சிஸ்ட், அதாவது மலத்தில் வெளியேறித் தொற்றைப் பரப்பும் உறையிட்ட வடிவம், இல்லை. மற்ற 35 பேரில் 6 பேரிடம் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. அமீபா தொற்றில் ஈரானில் நடந்த ஆய்வின் அமைப்பும் இதுவே: மருந்து, அதன் மேல் புரோபயாடிக். இவற்றை எடுத்துச் சொல்கிறவர்கள் மெட்ரோனிடசோலை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

எல்லா ஒட்டுண்ணிக்கும் ஒரே விடை

ஜியார்டியா ஒரே ஒரு செல். உருளைப்புழு ஒரு முழம் வரை நீளக்கூடிய விலங்கு. இரண்டையும் ஒரே கேப்ஸ்யூல் விரட்டும் என்று நம்புவதற்கு அடிப்படை எதுவும் இல்லை. குடலில் நல்ல பாக்டீரியா பெருகினால் ஒட்டுண்ணி சுருங்கும் என்ற கணக்கும் எப்போதும் சரியாக வருவதில்லை. எலிகளைத் தாக்கும் சாட்டைப்புழுவின் முட்டை பொரிவதற்கே குடல் பாக்டீரியாவின் தொடுகை வேண்டும் என்று 2010-ல் தெரியவந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒரு செல் ஒட்டுண்ணி தொற்றிய எலிகளுக்குக் கடையில் விற்கும் ஒரு புரோபயாடிக்கைக் கொடுத்தபோது தொற்று குறையவில்லை, கூடியது. 2018-ல் வெளியான ஆய்வு அது. உதவும் என்று நினைத்தது எதிர்த்திசையிலும் போகலாம். புழுக்களைப் பொறுத்தவரை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்து ஒரே வேளையில் உருளைப்புழுவுக்குச் செய்யும் வேலையை மனிதரிடம் செய்துகாட்டிய புரோபயாடிக் எதுவும் இல்லை.

வயிறு அடங்கியதும் ஒட்டுண்ணி போய்விட்டதாக முடிவுகட்டுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒருவருக்கு ஜியார்டியா இருப்பதாக அறிக்கை கொடுத்தோம். மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதினார். அந்த மாத்திரை வாயில் உலோகச் சுவையை விட்டுப்போகும், குமட்டும் என்று யாரோ சொல்ல, அவர் அதை வாங்கவே இல்லை. புரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கினார். ஒரு வாரத்துக்குள் பேதி நின்றது. கேப்ஸ்யூலை நிறுத்தினார். சில வாரங்களில் பேதி திரும்பியது. மறுபடி கேப்ஸ்யூல், மறுபடி நிம்மதி. மாதக்கணக்கில் இது நடந்தது. ஒவ்வொரு சுற்றையும் அவர் புரோபயாடிக்கின் வெற்றியாகவே எண்ணினார், நண்பர்களுக்கும் பரிந்துரைத்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போனதற்கு வேலைப்பளுவைக் காரணம் சொன்னார். கடைசியில் வீட்டுக் குழந்தைக்குப் பேதி தொடங்கியபோது இருவருடைய மாதிரிகளும் எங்கள் மேசைக்கு வந்தன. இரண்டிலும் ஜியார்டியா.

அவர் முட்டாள் அல்ல. ஜியார்டியாவின் இயல்பே ஏமாற்றுவதுதான். அறிகுறிகள் தாமாகக் கூடும், தாமாகக் குறையும். குறையப்போகிற வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். போதாக்குறைக்குச் சில புரோபயாடிக்குகள் பேதியின் நாட்களை உண்மையிலேயே குறைக்கக்கூடியவை. அப்போதுதான் ஆபத்து அதிகம். தொந்தரவு அடங்கியிருக்கிறது, ஒட்டுண்ணி குடலில் இருக்கிறது, சிஸ்ட் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வெளியேறும் சிஸ்டில் பத்து இன்னொருவர் வாய்க்குள் போனாலே தொற்று உண்டாகப் போதும். தொந்தரவே இல்லாதவரும் பரப்புவார்.

இந்தக் கதையில் எங்கள் தரப்பும் சுத்தமல்ல. இடையில் அவர் வேறோர் ஆய்வகத்தில் ஒரே ஒரு மாதிரி கொடுத்து, “ஒட்டுண்ணி காணப்படவில்லை” என்ற அறிக்கை வாங்கி வைத்திருந்தார். அதை வெற்றிப் பத்திரம் போல மடித்து வைத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஜியார்டியா தினமும் ஒரே அளவில் சிஸ்டை வெளியேற்றுவதில்லை. வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய விதி. ஒட்டுண்ணியின் புரதத்தை மலத்தில் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை இருந்தால் இன்னும் நல்லது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: ஒற்றை மாதிரியில் காணவில்லை என்றால் “இந்த மாதிரியில் காணவில்லை” என்று எழுதுங்கள். கேட்டு வருகிறவரிடம் வாயாலும் அதையே சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. ஒட்டுண்ணி ஒழிந்த பிறகும் வயிறு அடங்காமல் இருக்கலாம். ஜியார்டியா குடல் உறிஞ்சிகளைச் சேதப்படுத்துவதால் பாலிலுள்ள லாக்டோஸ் சில வாரங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகும். 2004-ல் நார்வேயின் பெர்கன் நகரில் குடிநீர் வழியாகப் பெரிய ஜியார்டியா தொற்று பரவியது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொற்று உறுதியானவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு எரிச்சல் குடல் நோய்க்குறி, அதாவது வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் நீடிக்கும் நிலை, இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 14 சதவீதம். இத்தகையவர் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி ஒட்டுண்ணி மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்குகிறார், அல்லது கேப்ஸ்யூலை மாற்றிக்கொண்டே இருக்கிறார். தேவைப்படுவது மறுபரிசோதனை.

ஜியார்டியாவோடு நின்றால் இவ்வளவு எரிச்சல் வராது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உடலுக்குள்ளேயே சுழற்சியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். வழக்கமான மலப் பரிசோதனையில் எளிதில் சிக்காது. அவ்வப்போது வயிற்று உபாதை, தோலில் அரிப்பு, பிறகு அமைதி. அந்த அமைதியைப் புரோபயாடிக்கின் கணக்கில் எழுதிவிட்டு, வேறொரு நோய்க்காக ஸ்டீராய்டு எடுக்கத் தொடங்கினால், அதன் லார்வாக்கள் (இளம் புழுக்கள்) கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல் முதல் மூளை வரை பரவலாம். அந்த நிலை பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. அதற்கான மருந்து ஐவர்மெக்டின்.

அமீபாவில் தவறு இன்னும் நுட்பமாக நடக்கிறது. மெட்ரோனிடசோல் திசுவில் புகுந்த அமீபாவைக் கொல்லும். குடற்குழியில் தங்கிய சிஸ்ட்களை நம்பத்தகுந்த வகையில் ஒழிக்காது. அதற்காகப் பாரமோமைசின் அல்லது டைலாக்சனைட் போன்ற இரண்டாவது மருந்து தொடர வேண்டும். முதல் மருந்திலேயே வயிற்றுவலி போய்விடுவதால், “இனிமேல் புரோபயாடிக் போதும்” என்று இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவைத்த சிஸ்ட் பிறருக்கும் பரவும், அவருக்கே நோயைத் திரும்பவும் கொண்டுவரும்.

மலத்தில் நூல்போல வந்ததைப் புழு என்பது

பெரும்பாலும் சளி. படம் எடுத்து அனுப்பாதீர்கள், மாதிரியைக் கொண்டுவாருங்கள்.

திரிபின் பெயரைப் பார்க்காமல் வாங்குவது

எலி ஆய்வில் லா1 காட்டிய பலன் லா1-க்கு மட்டுமே சொந்தம். அதே பாக்டீரியாவின் வேறு திரிபும் அப்படிச் செய்யும் என்று எண்ண முடியாது.

கீரிப்பூச்சிக்குத் தனி ஆளாக வைத்தியம் பார்ப்பது

வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். புரோபயாடிக்குக்கு இதில் வேலை இல்லை.

மருந்தோடு சேர்த்து எடுப்பதில் குழப்பம்

சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஓர் ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் அதைத் தொடாது. பூஞ்சை எதிர்ப்பு மாத்திரை கொன்றுவிடும். லாக்டோபேசில்லஸ் வகைகள் மெட்ரோனிடசோலைப் பெரும்பாலும் தாங்கும், வேறு பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்காது. பாக்டீரியா கேப்ஸ்யூல் என்றால் ஆன்டிபயாடிக்கிலிருந்து சில மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்பது

உடல்நலம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் உண்மை. தீவிர சிகிச்சையில் இருப்பவர், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர், நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர் ஆகியோரிடம் உண்மை அல்ல. அவர்களிடம் சாக்கரோமைசிஸ் ரத்தத்தில் புகுந்து உயிரைப் பறித்திருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2017-ல் இத்தகைய நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்தது. படுக்கையருகே கேப்ஸ்யூலைத் திறந்தால்கூட அந்தத் தூள் கைவழியாகக் குழாய்க்குள் போகக்கூடும். மருத்துவமனையில் இருக்கும் உறவினருக்கு வீட்டிலிருந்து கேப்ஸ்யூல் கொண்டுபோகிறவர்கள் முதலில் செவிலியரிடம் கேட்டுவிட்டுத் திறக்கட்டும்.