அவசர சிகிச்சை மருத்துவர் பணிக்குச் சம்பளம் பேசும் முன்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் சேரவிருக்கும் மருத்துவர், மாதத் தொகையைக் கேட்டவுடன் தலையாட்டிவிடாமல், அதைப் பணி நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 240 மணி நேரத்துக்கு 1,20,000 ரூபாய் என்றால் மணிக்கு 500 ரூபாய்தான், 150 மணி நேரத்துக்கு 90,000 என்றால் 600. ஒப்பிட்டுப் பார்க்க, தமிழக அரசு உதவி மருத்துவரின் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதன்மேல் அகவிலைப்படி முதலியவை சேரும். நியமனக் கடிதத்தில் ஊழியர் என்றில்லாமல் ஆலோசகர் என்றிருந்தால், பொதுவாக 10 சதவீத வரிப் பிடித்தம் போகத்தான் பணம் கைக்கு வரும். வருங்கால வைப்பு நிதியும் இராது. பாம்புக்கடியோடு வயலிலிருந்து தூக்கி வரப்படுபவரை இரவு 2 மணிக்குப் பார்க்க நேரும் ஊர்களில், உடன் இன்னொரு மருத்துவர் இருப்பார் என்பதை எழுத்தில் வாங்குவது, கூடுதலாகக் கிடைக்கும் சில ஆயிரங்களைவிட முக்கியம் என்றே கருதுகிறேன்.