ஹிஸ்டரி மேட்சிங்: முதலில் அழுத்தம், அப்புறம் தண்ணீர்

பல கிலோமீட்டர் பரந்து கிடக்கும் எண்ணெய்ப் படுகையில், நாம் கையால் தொட்டுப் பார்த்திருப்பது சில கிணறுகளில் வெட்டியெடுத்த பாறைத் துண்டுகளை மட்டும்தான். மற்றதெல்லாம் ஊகம். அந்த ஊகத்தை வைத்துக் கட்டிய ரிசர்வாயர் மாடலை, அதாவது படுகையின் கணினி மாதிரியை, முதல்முறை ஓட்டும்போது, கிணறுகளில் பதிவான அழுத்தமும் தண்ணீரும் அதில் வராது. அவை ஓரளவு ஒத்துவரும் வரை மாடலைத் திருத்தும் வேலைக்குத்தான் ஹிஸ்டரி மேட்சிங் என்று பெயர்.

கைப்பழக்கத்துக்கு ஓபிஎம் ஃப்ளோ என்ற இலவச சிமுலேட்டர் (மாடலை ஓட்டும் மென்பொருள்) போதும். 1997-இல் உற்பத்தி தொடங்கிய நார்வேயின் நார்ன் களத்து மாடலும் அதில் ஓட்டக் கிடைக்கிறது.

படி 1: பதிவுகளைச் சந்தேகப்படுங்கள்

எண்ணெய் அளவு விற்பனைக்கானது என்பதால் பொதுவாக நம்பலாம். தண்ணீர், வாயு அளவுகளை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பல கிணறுகளின் கூட்டு உற்பத்தியை அவ்வப்போது செய்யும் சோதனையை வைத்துப் பங்கு போட்டிருப்பார்கள். அழுத்தம் என்றால் எந்த ஆழத்தில் எடுத்தது என்று பாருங்கள். நான் ஒருமுறை ஒரு கிணற்றோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், கருவி இருந்தது பொது ஒப்பீட்டு ஆழத்துக்கு 300 மீட்டர் மேலே. எண்ணெய்த் தம்பத்தின் எடையால் மட்டுமே சுமார் 20 பார் வித்தியாசம். பாறை பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

படி 2: கிணறுகளுக்குச் சரியான கட்டளை

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மாடலில் கிணறு இவ்வளவு எடுக்க வேண்டும் என்று எண்ணெய் அளவை மட்டும் கட்டளையாகக் கொடுத்தால், மாடலில் தண்ணீர் குறைவாக வரும்போது படுகையிலிருந்து வெளியேறும் மொத்தத் திரவமும் குறைந்துவிடும். அழுத்தம் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால் தொடக்கத்தில் எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றும் நிலத்தடியில் அடைக்கும் மொத்தக் கன அளவையே கட்டளையாகக் கொடுங்கள். எக்லிப்ஸ் என்ற சிமுலேட்டரின் வகைக் கோப்பில் டபிள்யூகான்ஹிஸ்ட் (WCONHIST) என்ற சொல்லின் கீழ் ரெஸ்வி (RESV) என்று குறிப்பிட வேண்டும். அழுத்தம் சரியான பிறகு எண்ணெய் அளவுக்கோ மொத்தத் திரவ அளவுக்கோ மாறிக்கொள்ளலாம்.

படி 3: மொத்தப் படுகையின் அழுத்தம்

சிமுலேட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வாயு பிரியாத, வெளித் தண்ணீர் நுழையாத படுகை என்று வைத்துக்கொள்வோம். நிலத்தடிக் கணக்கில் 5 லட்சம் கன மீட்டர் எடுத்தாயிற்று, அழுத்தம் 50 பார் இறங்கியிருக்கிறது. பாறையும் திரவமும் சேர்ந்த அமுங்குதிறன் ஒரு பாருக்கு 0.0001. எடுத்த அளவை 0.0001 × 50-ஆல் வகுத்தால் துளைகளின் மொத்தக் கொள்ளளவு 10 கோடி கன மீட்டர் என்று வரும். உங்கள் மாடலில் அது 6 கோடிதான் என்றால், அழுத்தம் 83 பார் இறங்கும். பெர்மியபிலிட்டியை, அதாவது பாறை திரவத்தை ஓட விடும் திறனை, எவ்வளவு திருகினாலும் இந்த இடைவெளி மூடாது.

அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மீதி ஆற்றல் எங்கிருந்து வருகிறது? படுகை நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கலாம், ஓரத்தில் அக்விஃபர் (தண்ணீர் நிறைந்த பாறை) இருக்கலாம், அல்லது அமுங்குதிறனே தவறாக இருக்கலாம். எது என்று புவியியலாளரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஒரு பக்கத்துக் கிணறுகளில் மட்டும் அழுத்தம் விலகினால், நடுவில் உள்ள பாறைப் பிளவு திரவத்தை விடுகிறதா, அடைக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: தண்ணீர்

எல்லாக் கிணறுகளிலும் மாடலில் தண்ணீர் முந்தி வருகிறதா? அப்படியானால் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி வளைகோட்டையோ (எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாக நகரும் என்று காட்டுவது), எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் ஆழத்தையோ சந்தேகிக்கலாம். ஒரே கிணற்றில் என்றால் கோளாறு அதன் அக்கம்பக்கத்தில். தண்ணீர் கீழிருந்து ஏறினால் செங்குத்துப் பெர்மியபிலிட்டியைக் குறையுங்கள். பக்கவாட்டில், நீர் செலுத்தும் கிணற்றிலிருந்து வந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏதாவது ஓர் அடுக்குக்கு அளவுக்கு மீறி பெர்மியபிலிட்டி கொடுத்திருப்பீர்கள்.

கிணற்றைச் சுற்றி மட்டும் ஒரு சதுரம் வரைந்து அங்கே பெர்மியபிலிட்டியைப் பத்தால் பெருக்கும் ஆசை வரும். வரைபடம் அழகாகப் பொருந்தும், அடுத்த கிணறு தோண்டும்போது கையைச் சுடும்.

படி 5: கிணற்றடி அழுத்தம்

இதைக் கடைசியில் செய்தால் போதும். ஸ்கின் (கிணற்றை ஒட்டிய பாறையில் ஓட்டத்துக்கு உள்ள கூடுதல் தடை) அல்லது கிணற்றின் உற்பத்தித் திறன் பெருக்கியை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 6: கடைசி ஆண்டை ஒளித்து வையுங்கள்

கடைசி ஓராண்டுப் பதிவைத் தொடாமல் மேட்ச் செய்து, பிறகு அந்த ஆண்டை மாடலே கணிக்கிறதா என்று பாருங்கள். ஒரே வரலாற்றுக்குப் பல மாடல்கள் பொருந்தும் என்பதால், ஒன்றோடு நிறுத்தாமல், அக்விஃபர் பெரிதாக ஒன்று, படுகையே பெரிதாக இன்னொன்று என்று மூன்று நான்கு மாடல்களையாவது வைத்திருங்கள். எதிர்கால உற்பத்தியை எல்லாவற்றிலும் ஓட்டி, கிடைக்கும் எண்களின் வீச்சை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள்.