ஸ்பானிய ஏவல்: உயிர் மாறும் வினைகளில் கட்டளை இடுவது எப்படி

ஸ்பானிய அகராதியில் ‘தூங்கு’ என்ற வினையைத் தேடினால் ‘தொர்மீர்’ கிடைக்கும். ஆனால் குழந்தையைத் தூங்கச் சொல்லும் தாய் ‘துவெர்மே’ என்பாள். நடுவில் இருந்த ஒகரம் ‘உவெ’ ஆகிவிட்டது. இப்படி வினையடியில் உயிர் மாறும் வினைகள் ஸ்பானியத்தில் ஏராளம். அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்கும் பல வினைகளும் இவற்றில் அடங்கும். அதனால் ஏவல் வடிவம் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இவற்றைச் சந்தித்தாக வேண்டும்.

முக்கியமான மாற்றங்கள் நான்கு வகை. எகரம் ‘இயெ’ ஆகும்: ஸெர்ரார் (மூடு) – ஸியெர்ரா. ஒகரம் ‘உவெ’ ஆகும்: மொஸ்த்ரார் (காட்டு) – முவெஸ்த்ரா. ஈர் என முடியும் சில வினைகளில் எகரம் இகரமாகும்: பெதீர் (கேள்) – பீதே. உகரம் ‘உவெ’ ஆவதற்கு நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஹுகார் (விளையாடு) – ஹுவெகா. வினையடியில் இரண்டு எகரம் இருந்தால் மாறுவது கடைசியில் உள்ளதுதான். தெஸ்பெர்தார் (எழுப்பு) தெஸ்பியெர்தா ஆகும். முதல் எகரத்தை யாரும் தொடுவதில்லை.

பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன் இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிச் சுமை குறையும். லத்தீனில் இருந்த குறில் எகரமும் ஒகரமும், அழுத்தம் விழுந்த, அதாவது பலமாக உச்சரிக்கும் அசையில் மட்டும் ஸ்பானியத்தில் இரண்டாகப் பிளந்தன. அழுத்தம் விழாத இடத்தில் பழையபடியே நின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அழுத்தம் வினையடியில் விழுகிறதா, விகுதியில் விழுகிறதா? அடியில் விழுந்தால் உயிர் மாறும், விகுதியில் விழுந்தால் மாறாது. எகரம் இகரமாகும் பெதீர் வகையின் வரலாறு வேறு. ஆனாலும் கீழே வரும் ஏவல் வடிவங்களில் அதுவும் இதே வழியில்தான் நடக்கிறது.

முதலில் ‘தூ’, அதாவது நம் ‘நீ’. படர்க்கை ஒருமை நிகழ்கால வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘துவெர்மே’ என்றால் ‘தூங்குகிறாள்’. ‘தூங்கு’ என்பதும் அதுவே. தமிழில் நட, படி என்று வினையடியே ஏவலாக நிற்பதால், நமக்கு விகுதியை வெட்டிவிட்டுப் பேசத் தோன்றும். ஸ்பானியத்தில் அது செல்லாது. அகராதி வடிவம் ஆர் என முடியும் வினைக்கு இறுதியில் ஆ, ஏர் வினைக்கும் ஈர் வினைக்கும் ஏ கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ‘உஸ்தேத்’, மரியாதைக்குரிய ஒருவரை அழைக்கும் ‘நீங்கள்’. இங்கே தன்மை ஒருமையிலிருந்து தொடங்குங்கள். துவெர்மோ (தூங்குகிறேன்) என்பதில் ஓவை நீக்கி, எதிர் உயிரைச் சேர்த்தால் துவெர்மா. ஆர் வினைக்கு ஏ வரும், மற்ற இரண்டுக்கும் ஆ வரும். பலரிடம் சொல்லும்போது ஒரு ன் சேரும்: துவெர்மான். தமிழர்கள் வழக்கமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். நமக்கு ‘தூங்குங்கள்’ ஒருவருக்கும் பொருந்தும், பத்துப் பேருக்கும் பொருந்தும். ஸ்பானியத்தில் பெரியவர் ஒருவரிடம் பன்மையில் சொன்னால், அவர் பக்கத்தில் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

ஸ்பெயினில் நண்பர்கள் பலரை அழைக்க ‘வொஸோத்ரோஸ்’ உண்டு. அகராதி வடிவத்தின் இறுதி ர் த் ஆகும்: தொர்மீத், ஸெர்ராத். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’ வழங்குகிறது. அங்கே ர் உதிர்ந்து, அழுத்தம் கடைசி அசையில் நிற்கும்: தொர்மீ, ஸெர்ரா. இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டது, ஆகவே உயிர் மாறவில்லை. துவெர்மீத் என்று சொல்வது பழக்கத்தால் வரும் பிழை.

இதெல்லாம் ஒரே இடத்தில் பழக ஏற்றது சமையலறை. சோறு வடிக்கும் வேலையை ‘நீ’ போட்டுச் சொல்லிப் பாருங்கள்: என்ஸியெந்தே (அடுப்பைப் பற்றவை), யெர்வே (தண்ணீரைக் கொதிக்கவை), குவெஸே (அரிசியை வேகவை), ரெமுவெவே (கிளறு), ப்ருவெபா (உப்பு பார்), குவெலா (வடி), ஸிர்வே (பரிமாறு). அதே வேலையை மாமியாரிடம் ‘உஸ்தேத்’ போட்டுச் சொன்னால்: என்ஸியெந்தா, யெர்வா, குவெஸா, ரெமுவெவா, ப்ருவெபே, குவெலே, ஸிர்வா. அடி அசையவே இல்லை, ஈற்று உயிர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. புவெனஸ் அயர்ஸ் அடுக்களையில் தோழியிடம் ‘வோஸ்’ போட்டுச் சொன்னால்: என்ஸெந்தே, எர்வீ, கொஸே, ரெமொவே, ப்ரொபா, கொலா, ஸெர்வீ. மூன்று வரிசையையும் வாய்விட்டு, அழுத்தத்தைத் தட்டிக்காட்டிச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பதைவிட இது வேகமாகப் பதியும்.

இதில் ‘வேகவை’ கவனத்துக்குரியது. லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் ‘கொஸேர்’ என்று ஒலிக்கும் வினைகள் இரண்டு: சி எழுத்தில் எழுதுவது வேகவைத்தல், எஸ் எழுத்தில் எழுதுவது தைத்தல். தைக்கும் வினையில் உயிர் மாறாது, ‘கோஸே’ என்றால் ‘தை’. ‘உவெ’யை மறந்தால் அரிசியைத் தைக்கச் சொன்னதாகிவிடும்.

உஸ்தேத் வடிவத்தில் எழுத்துக்கூட்டலும் சில நேரம் மாறும், ஒலியைக் காப்பதற்காக. ஹுகார் – ஹுவெகே என்பதில் ஜி எழுத்துக்குப் பின் ஒரு யு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ‘ஹுவெஹே’ என்று படிக்க நேரும். எம்பெஸார் (தொடங்கு) – எம்பியெஸே என்பதில் இசட் சி ஆகும். குவெஸாவில் நேர்மாறாக, சி இசட் ஆகும்.

தூ வடிவத்தில் விதியை மீறும் மூன்று வினைகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தெனேர் (வைத்திரு), வெனீர் (வா), தெஸீர் (சொல்) மூன்றும் நிகழ்காலத்தில் உயிர் மாறுபவை. ஆனால் இவற்றின் ஏவல் தென், வென், தீ என்று குறுகிவிடும். உஸ்தேத் வடிவம் மட்டும் தன்மை ஒருமை வழியே ஒழுங்காக வரும்: தெங்கா, வெங்கா, தீகா. தெஸீரின் குடும்பத்தைச் சேர்ந்த பெந்தெஸீர் (ஆசீர்வதி) குறுகாது, பெந்தீஸேதான்.

எந்த வினை மாறும் என்பதை அகராதி வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல அகராதிகள் வினைக்குப் பக்கத்திலேயே மாற்றத்தைக் குறித்திருக்கும். உறவுள்ள பெயர்ச்சொல்லும் துப்புக் கொடுக்கும்: ஹுவெகோ (விளையாட்டு), ப்ருவெபா (சோதனை), ஸியெர்ரே (மூடல்). முழுக்க நம்பிவிட வேண்டாம். ‘பதில்’ என்பது ரெஸ்புவெஸ்தா, ஆனால் ‘பதில் சொல்’ என்பது ரெஸ்போந்தே.

கடைசியாக, ஒட்டும் சொற்கள். ‘எனக்கு’, ‘அதை’, ‘உன்னை’ போன்றவை உடன்பாட்டு ஏவலின் வாலில் சேர்ந்துகொள்ளும், எனக்கு முன்னே, அதை பின்னே: முவெஸ்த்ராமேலோ (அதை எனக்குக் காட்டு). வால் நீண்டாலும் அழுத்தம் பழைய இடத்தை விட்டு நகராது. அதைக் காட்டவே ‘உவெ’யில் உள்ள எகரத்தின் மேல் ஒரு சாய்கோடு போட வேண்டும். அகொஸ்தார்ஸே (படுத்துக்கொள்) வினையிலும் அப்படித்தான்: அகுவெஸ்தாத்தே, கோடு எகரத்தின் மேல். கோட்டை விட்டால் எழுத்துப்பிழை. உஸ்தேத் என்றால் அகுவெஸ்தேஸே, இங்கும் கோடு உண்டு. வொஸோத்ரோஸ் வடிவத்தில் த் உதிர்ந்து அகொஸ்தாவோஸ் ஆகும். வோஸ் பேசுபவர் சொல்லும் அகொஸ்தாத்தேயில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் தானாகவே விழுவதால் கோடு வேண்டியதில்லை.